மலக்குழி மரணங்கள்: குடும்பங்களுக்கு உடனடியாகக் கிடைக்க வேண்டிய நிதியுதவி எவை? கோலார் தங்க வயல் முதல் உச்ச நீதிமன்றம் வரை

கோலார் தங்க வயல்: கழிவுநீர்த் தொட்டியிலோ பாதாளச் சாக்கடையிலோ இறங்கிய தொழிலாளி நச்சுவாயு தாக்கி உயிரிழந்தால் அவரது குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப்பட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு. உடல் ஊனமுற்று உயிர் பிழைத்தவர்களுக்கும் குறைந்தபட்சத் தொகை நிர்ணயிக்கப்பட்டுள்ளது. இவை தவிர, வன்கொடுமைத் தடுப்பு விதிகள், தொழிலாளர் காப்பீடு, பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் ஆகியவற்றின் கீழும் தனித்தனி உதவிகள் உண்டு. ஆயினும், விபத்து நிகழ்ந்த முதல் சில வாரங்களில் எந்த அலுவலகத்தை அணுகுவது, எந்த ஆவணத்தைக் கேட்டுப் பெறுவது என்பது தெரியாமல் பல குடும்பங்கள் உரிமையை இழக்கின்றன.

இந்த இழப்பீட்டு உரிமையின் வரலாற்றில் கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்திலுள்ள கோலார் தங்க வயலுக்குத் தனி இடம் உண்டு. இந்தியாவில் தொழில்சார் நுரையீரல் நோய் முதன்முதலாகப் பதிவானதும், கையால் மலம் அள்ளும் முறைக்கு எதிரான நாடு தழுவிய இயக்கத்தின் தொடக்கமும் இந்த ஊரோடு தொடர்புடையவை.

தங்கச் சுரங்கமும் தமிழ்த் தொழிலாளர்களும்

பெங்களூருவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள கோலார் தங்க வயலில், 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் நவீன முறையில் தங்கம் எடுக்கும் பணியைத் தொடங்கியது. வட ஆற்காடு உள்ளிட்ட தமிழ்ப் பகுதிகளில் இருந்து பெருமளவில் தொழிலாளர்கள் அங்கு குடியேறினர். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், கோரமண்டல், ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை ஆகிய பகுதிகளில் இன்றளவும் தமிழ் பரவலாகப் பேசப்படுகிறது.

சிவனசமுத்திரத்தில் உற்பத்தியான நீர்மின்சாரம் 1902-ஆம் ஆண்டிலேயே இங்கு வந்து சேர்ந்தது. ஆனால், மின்விளக்கு எரிந்த அதே ஊரின் தொழிலாளர் குடியிருப்புகளில் எடுப்புக் கழிப்பிடங்கள் பல பத்தாண்டுகள் நீடித்தன. சுரங்கத் தொழிலாளரின் குடியிருப்புகளில் சேரும் மலத்தை வாளியில் அள்ளி, வண்டியில் ஏற்றி, குழிகளில் கொட்டுவதற்கென்று ஒரு தனிப் பணியாளர் பிரிவே இருந்தது.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் மாநில அரசின் வசமும், 1962-இல் மத்திய அரசின் வசமும் வந்தன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாக்கப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டிய இந்தச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன.

முதல் இழப்பீட்டுப் போராட்டம்: சிலிக்கோசிஸ்

பணியிடத்தில் பாதிக்கப்பட்டவருக்கு நிதியுதவி என்ற கேள்வி கோலார் தங்க வயலில் முதலில் எழுந்தது சுரங்கத்துக்குள்தான். பாறையைத் துளைக்கும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோய், இந்தியாவில் முதன்முதலாக 1934-ஆம் ஆண்டில் இங்குதான் கண்டறியப்பட்டது. 1940 முதல் 1946 வரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட பரிசோதனையில், ஐந்தில் இருவருக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் இருந்தது தெரியவந்தது.

கண்ணுக்குத் தெரியும் காயத்துக்கு மட்டுமே இழப்பீடு என்றிருந்த காலம் அது. மெதுவாக மூச்சை அடைக்கும் நோயும் பணியால் ஏற்படும் பாதிப்பே என்பதை ஏற்று, மைசூர் சமஸ்தான அரசு 1940-ஆம் ஆண்டில் சிலிக்கோசிஸ் தொடர்பான விதிகளை வகுத்தது. பணியிடப் பாதிப்புக்கு வேலை அளிப்பவரே பொறுப்பேற்க வேண்டும் என்ற கொள்கை இந்த ஊரில் நடைமுறை விதியாக மாறியது அப்போதுதான்.

ஆனால், சுரங்கத் தொழிலாளருக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு அவர்களின் கழிவுகளை அகற்றியவர்களை எட்டவில்லை. மலக்குழியில் ஏற்படும் தொற்றுநோயோ, நச்சுவாயுவால் நேரும் மரணமோ இழப்பீட்டுக்குரிய தனி இனமாகக் கருதப்படுவதற்கு மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

தங்க வயலில் இருந்து உச்ச நீதிமன்றத்துக்கு

கையால் மலம் அள்ளும் தொழிலில் ஈடுபடுத்தப்பட்ட குடும்பம் ஒன்றில் 1966-ஆம் ஆண்டு கோலார் தங்க வயலில் பிறந்தவர் பெஜவாடா வில்சன். 1986-ஆம் ஆண்டு முதல் அவர் எடுப்புக் கழிப்பிடங்களை இடிக்கக் கோரி சுரங்க நகர நிர்வாகத்துக்கும், மாநில முதல்வருக்கும், பிரதமருக்கும் கடிதங்கள் எழுதினார். அவற்றுக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்கவில்லை.

1993-ஆம் ஆண்டில், கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்துதல் மற்றும் எடுப்புக் கழிப்பிடங்கள் கட்டுதல் தடைச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இச்சட்டம் 1997-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. சட்டம் இருந்தும் கழிப்பிடங்கள் தொடர்ந்த நிலையில், வில்சனும் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எஸ்.ஆர். சங்கரன் உள்ளிட்டோரும் இணைந்து உருவாக்கிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பு, 2003-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுவைத் தாக்கல் செய்தது. 2016-ஆம் ஆண்டுக்கான ராமன் மகசேசே விருது வில்சனுக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணாவும் அந்த விருதைப் பெற்றார்.

வழக்கு நிலுவையில் இருந்த காலத்திலேயே, 2011-ஆம் ஆண்டு அக்டோபரில், கோலார் தங்க வயலில் மலக்குழியைச் சுத்தம் செய்யும் பணியில் மூன்று பேர் உயிரிழந்தனர். சட்டம் இயற்றப்பட்டு 18 ஆண்டுகள் கடந்த பின்னர், இயக்கம் தொடங்கிய ஊரிலேயே நிகழ்ந்த இந்த மரணங்கள் நாடு முழுவதும் கவனத்தை ஈர்த்தன.

2013-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவது என்ன?

பழைய சட்டத்தின் குறைகளை நீக்கும் வகையில், கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்தத் தடை மற்றும் அவர்களின் மறுவாழ்வுச் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டு, அதே ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. எடுப்புக் கழிப்பிடங்களோடு நில்லாமல், கழிவுநீர்த் தொட்டி மற்றும் பாதாளச் சாக்கடைகளில் உரிய பாதுகாப்பு இன்றி ஆட்களை இறக்குவதையும் இச்சட்டம் ‘அபாயகரமான துப்புரவு’ என வரையறுத்துத் தடை செய்கிறது.

சட்டத்தின் 7-ஆவது பிரிவின்படி, தனிநபரோ, உள்ளாட்சி அமைப்போ, வேறு எந்த நிறுவனமோ நேரடியாகவோ ஒப்பந்ததாரர் மூலமாகவோ ஒருவரை அபாயகரமான துப்புரவில் ஈடுபடுத்தக் கூடாது. மீறினால், 9-ஆவது பிரிவின்கீழ் முதல் முறை இரண்டு ஆண்டுகள் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் மீறினால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இக்குற்றங்கள் ஜாமீனில் விட முடியாதவை. நீதிமன்ற ஆணையின்றியே காவல்துறை வழக்குப் பதிய வேண்டியவை.

தம் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கும் வீட்டு உரிமையாளருக்கும் இந்தத் தடை பொருந்தும். இறங்கியவர் தாமாக முன்வந்து ஒப்புக்கொண்டார் என்பது சட்டத்தின் முன் விளக்கமாகாது.

10 லட்சத்தில் இருந்து 30 லட்சத்துக்கு

2003-ஆம் ஆண்டு தாக்கலான மனுவில் உச்ச நீதிமன்றம் 2014-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி தீர்ப்பளித்தது. அப்போதைய தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு, 1993-ஆம் ஆண்டு முதல் சாக்கடை மற்றும் கழிவுநீர்த் தொட்டிப் பணிகளில் உயிரிழந்த அனைவரையும் அடையாளம் கண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. அவசரச் சூழலிலும்கூடப் பாதுகாப்புக் கருவி இன்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது குற்றமாகக் கருதப்பட வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது.

இத்தீர்ப்பின் முக்கியத்துவம், இறந்தவர் யாரிடம் பணியாற்றினார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வரை குடும்பம் காத்திருக்க வேண்டியதில்லை என்ற நிலையை உருவாக்கியதில் உள்ளது. ஒப்பந்ததாரர் தலைமறைவானாலும், வீட்டு உரிமையாளர் பொறுப்பை மறுத்தாலும், இழப்பீட்டுக் கடமை அரசிடம் இருந்து விலகுவதில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி, டாக்டர் பல்ராம் சிங் தொடுத்த வழக்கில் நீதிபதிகள் எஸ். ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு மற்றொரு தீர்ப்பை வழங்கியது. 1993-ஐ அடிப்படையாகக் கொண்டு நிர்ணயிக்கப்பட்ட 10 லட்சம் ரூபாயின் இன்றைய மதிப்பு 30 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்ட நீதிமன்றம், பின்வருமாறு உத்தரவிட்டது:

• உயிரிழப்புக்கு 30 லட்சம் ரூபாய்.
• நிரந்தர ஊனமுற்று, வருவாய் ஈட்ட இயலாத நிலைக்கு ஆளானவருக்குக் குறைந்தபட்சம் 20 லட்சம் ரூபாய்.
• பிற வகை ஊனத்துக்குக் குறைந்தபட்சம் 10 லட்சம் ரூபாய்.
• இறந்தவரின் நெருங்கிய உறவினருக்கு வேலைவாய்ப்பு, குழந்தைகளுக்குக் கல்வி, திறன் பயிற்சி உள்ளிட்ட முழுமையான மறுவாழ்வு.

முந்தைய தொகை வழங்கப்படாமல் நிலுவையில் உள்ள குடும்பங்களுக்கும் புதிய தொகையே பொருந்தும் எனவும் தீர்ப்பில் குறிப்பிடப்பட்டுள்ளது. உயிர் பிழைத்தவர்களுக்கெனத் தொகை வரையறுத்தது இத்தீர்ப்பின் புதிய அம்சம். அதுவரை, மலக்குழியில் மயங்கி விழுந்து காப்பாற்றப்பட்டவர்களின் பாதிப்பு பெரும்பாலும் கணக்கில் வரவே இல்லை.

2025-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் தேதி, இதே வழக்கின் தொடர்ச்சியாக, டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் கையால் மலம் அள்ளுவதையும், சாக்கடைகளில் ஆட்களை இறக்கிச் சுத்தம் செய்வதையும் நிறுத்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கோலார் தங்க வயல் போன்ற சிறு நகரங்கள் அந்தப் பட்டியலில் இல்லை என்றாலும், 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை அவற்றுக்கும் முழுமையாகப் பொருந்தும்.

முதல் நாள்களில் கிடைக்கக்கூடிய உதவி

30 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்வாக ஒப்புதல்களைக் கடந்து வருவதற்குக் காலம் பிடிக்கும். இறுதிச் சடங்கு, மருத்துவச் செலவு, வீட்டு வாடகை, கடன் தவணை ஆகியவற்றுக்கு உடனடியாகப் பணம் தேவைப்படும் நிலையில், வேறு சில சட்ட வழிகள் உள்ளன.

முதலாவது, பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகள். 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினத்தைச் சேர்ந்த ஒருவரைக் கையால் மலம் அள்ளும் பணியில் ஈடுபடுத்துவது வன்கொடுமைக் குற்றமாகும். இச்சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவு செய்யப்பட்டால், ஏழு நாள்களுக்குள் நிவாரணம் வழங்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். 2016-ஆம் ஆண்டுத் திருத்த விதிகளின்படி மரணத்துக்கான நிவாரணம் 8.25 லட்சம் ரூபாய். இதில் பாதித் தொகை உடற்கூறாய்வு முடிந்த பின்னரும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட பின்னரும் வழங்கப்படும். இந்த நிவாரணம், பிற சட்டங்களின்கீழ் இழப்பீடு கோரும் உரிமையைப் பாதிக்காது என்று விதிகளே தெளிவுபடுத்துகின்றன.

இரண்டாவது, தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெற்று, இ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவு பெற்ற பணியாளர் பணியின்போது இறந்தால், அவரது ஊதியத்தில் 90 சதவீத அளவிலான தொகை சார்ந்தோர் உதவியாக மாதந்தோறும் வழங்கப்படுகிறது. இறுதிச் சடங்குக்கு 15,000 ரூபாய் வரை கிடைக்கும். காயமடைந்து விடுப்பில் இருக்கும் காலத்துக்கும் ஊதியத்தில் 90 சதவீதம் தற்காலிக ஊன உதவியாக உண்டு.

மூன்றாவது, பணியாளர் இழப்பீடு. இ.எஸ்.ஐ. பாதுகாப்பு இல்லாதவர்களுக்கு, 1923-ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த முறை பொருந்தும். 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த முறையை உள்ளடக்கியுள்ளது. இறந்தவரின் மாத ஊதியத்தில் பாதியை, அவரது வயதுக்கேற்ற காரணி எண்ணால் பெருக்கி இழப்பீடு கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, மாதம் 15,000 ரூபாய் ஊதியம் பெற்ற 30 வயதுத் தொழிலாளிக்குக் காரணி எண் 207.98. அதன்படி, 7,500 ரூபாயை இந்த எண்ணால் பெருக்கினால் 15,59,850 ரூபாய் கிடைக்கும்.

இழப்பீடு உரியதான நாளில் இருந்து ஒரு மாதத்துக்குள் வழங்கப்படாவிட்டால், 12 சதவீத வட்டி சேரும். தகுந்த காரணமின்றித் தாமதித்தால், இழப்பீட்டில் பாதி அளவு வரை கூடுதல் அபராதமும் விதிக்கப்படலாம். ஒப்பந்ததாரர் மூலம் பணியமர்த்தப்பட்டிருந்தாலும், முதன்மை வேலையளிப்பவரிடமே இழப்பீடு கோர முடியும்.

‘சமரசத் தொகை’ இழப்பீடு ஆகுமா?

மலக்குழி மரணங்களில் அடிக்கடி நிகழ்வது, விபத்து நடந்த அன்றே வேலையளிப்பவரின் தரப்பினர் குடும்பத்தாரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, புகார் அளிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்வது. துயரத்தின் நடுவே கையெழுத்திடும் குடும்பங்கள், அதன்பின் உரிமை ஏதும் எஞ்சவில்லை எனக் கருதி விடுகின்றன.

சட்டத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த முறைப்படி, மரணத்துக்கான இழப்பீடு பணியாளர் இழப்பீட்டு ஆணையரிடமே செலுத்தப்பட வேண்டும். வேலையளிப்பவர் குடும்பத்திடம் நேரடியாகக் கொடுக்கும் பணம் இழப்பீடாகக் கருதப்படாது. மூன்று மாத ஊதியத்துக்குச் சமமான முன்பணம் மட்டுமே இதற்கு விதிவிலக்கு. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரப்படும் ஒப்பந்தம் செல்லாது. எனவே, ஒரு தொகையைப் பெற்றுக்கொண்ட குடும்பமும் ஆணையரை அணுகலாம். அதற்கான கால வரம்பு இரண்டு ஆண்டுகள்.

காப்பாற்ற இறங்கியவர்களின் நிலை

மலக்குழி விபத்துகளில் ஒரே இடத்தில் இருவர், மூவர் இறப்பதற்குப் பின்னால் ஓர் அறிவியல் காரணம் உண்டு. மூடிய தொட்டியில் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் ஆகிய வாயுக்கள் உருவாகி, ஆக்சிஜன் குறைகிறது. காற்றைவிடக் கனமான ஹைட்ரஜன் சல்பைடு அடிப்பகுதியில் தங்குகிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை போன்ற நாற்றம் தரும் இவ்வாயு, செறிவு கூடும்போது முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்கிறது. நாற்றம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என எண்ணி இறங்குபவர் சில நொடிகளில் நினைவிழக்கிறார். அவரைத் தூக்க இறங்கும் சக தொழிலாளியோ, உறவினரோ, அண்டை வீட்டுக்காரரோ அதே கதிக்கு ஆளாகின்றனர்.

பிறர் உயிரைக் காக்க இறங்கி உயிர்நீத்தவர் ‘பணியாளர்’ அல்ல என்ற காரணம் காட்டி அவரது குடும்பத்தின் கோரிக்கை கேள்விக்குள்ளாகும் வாய்ப்பு உள்ளது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சாக்கடைப் பணியில் நிகழ்ந்த மரணங்களைப் பற்றிப் பேசுகின்றன. மீட்க முயன்றவர்களைத் தனி இனமாகக் குறிப்பிடவில்லை. எனவே, மீட்பு முயற்சியும் அதே துப்புரவுப் பணியின் தொடர்ச்சியே என்பது முதல் தகவல் அறிக்கையில் இடம்பெறுவது குடும்பத்துக்கு முக்கியமாகிறது. யார் முதலில் இறங்கினார், யார் அழைத்ததன் பேரில் அடுத்தவர் இறங்கினார், எந்தக் கருவியும் தரப்பட்டதா என்ற விவரங்களை நேரில் கண்டவர்கள் உடனே பதிவு செய்வது இழப்பீட்டு விசாரணையில் துணைபுரியும்.

விபத்து நேர்ந்தவுடன் தொட்டிக்குள் எவரும் இறங்காமல், தீயணைப்பு மற்றும் மீட்புப் படையினரை 112 என்ற எண்ணில் அழைப்பதே பாதுகாப்பானது. சுவாசக் கருவி அணிந்த மீட்புப் படையினர் மட்டுமே உள்ளே செல்ல வேண்டும்.

பாதுகாப்புக் கருவிகள்: காகிதத்திலும் களத்திலும்

2013-ஆம் ஆண்டு விதிகள், சுவாசக் கருவி, வாயு அளவி, பாதுகாப்புக் கயிறு, முழு உடல் கவசம் உள்ளிட்ட பலவகைக் கருவிகளைக் கட்டாயமாக்குகின்றன. ஆனால், மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் சார்பில் நடத்தப்பட்டு, 2025-ஆம் ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் வெளியிடப்பட்ட சமூகத் தணிக்கை வேறொரு நிலையைக் காட்டியது. எட்டு மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்களைச் சேர்ந்த 17 மாவட்டங்களில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த 54 மரணங்கள் அதில் ஆராயப்பட்டன. அவற்றில் 49 பேர் எவ்விதப் பாதுகாப்புக் கருவியும் இன்றி இறங்கியவர்கள்.

இந்நிலையை மாற்றுவதற்காக 2023-இல் தொடங்கப்பட்ட ‘நமஸ்தே’ திட்டத்தின்கீழ், சாக்கடை மற்றும் கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்கள் கணக்கெடுக்கப்பட்டு, பாதுகாப்புக் கருவித் தொகுப்பு, ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு, இயந்திரங்கள் வாங்க மானியக் கடன் ஆகியவை வழங்கப்படுகின்றன. இத்திட்டத்தில் பெயர் பதிவாகியிருப்பது, பின்னாளில் ஒருவர் இத்தொழிலில் இருந்தவர் என்பதற்கு ஆவணச் சான்றாகவும் பயன்படும். தினக்கூலிக்கு அழைக்கப்படும் தொழிலாளிக்கு வருகைப் பதிவேடோ ஊதியச் சீட்டோ இல்லாத சூழலில் இந்தப் பதிவின் மதிப்பு அதிகம்.

பிற துறைகளிலும் அதே கேள்வி

பிறருக்காகப் பணியாற்றும்போது பாதிக்கப்படுவோருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி துப்புரவுத் துறையோடு முடிவதில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச்சில், கொரோனா தொற்றுக் காலத்தில், சுமார் 22.12 லட்சம் பொதுச் சுகாதாரப் பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டை மத்திய அரசு அறிவித்தது. மருத்துவர்களோடு ஆஷா பணியாளர்களும் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரே நோயாளியின் அறையில் பணியாற்றும் மருத்துவருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் ஒரே அளவு காப்பீடு என்பது அத்திட்டத்தின் குறிப்பிடத்தக்க அம்சமாகும்.

இலங்கையின் மூதூரில் 2006-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் தேதி, பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான ‘பட்டினிக்கு எதிரான செயற்பாடு’ அமைப்பின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் 16 பேர் தமிழர்கள், ஒருவர் முஸ்லிம். மனிதநேயப் பணியில் உயிர் இழப்போரில் பெரும்பான்மையினர் உள்ளூரில் அமர்த்தப்பட்டவர்களே என்ற உண்மையை அச்சம்பவம் உலகுக்கு உணர்த்தியது. 2003-ஆம் ஆண்டு பாக்தாதில் ஐ.நா. அலுவலகம் தாக்கப்பட்டு 22 பேர் உயிரிழந்த ஆகஸ்ட் 19-ஆம் தேதி, உலக மனிதநேய தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழல் என்பது தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்று என 2022-ஆம் ஆண்டு ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அறிவித்தது. அதற்கு முன்பே, 2019-இல், உலக சுகாதார அமைப்பு, உலக வங்கி, வாட்டர் எய்ட் ஆகியவற்றோடு இணைந்து அந்த அமைப்பு வெளியிட்ட அறிக்கை, துப்புரவுத் தொழிலாளரின் உடல்நலமும் கண்ணியமும் உலகெங்கும் புறக்கணிக்கப்படுவதைச் சுட்டிக்காட்டியது.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

1. காவல் நிலையத்தில் புகார் அளித்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுதல். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7 மற்றும் 9-ஆவது பிரிவுகள் அதில் இடம்பெற்றுள்ளனவா எனச் சரிபார்த்தல். ‘தவறி விழுந்து மரணம்’ என்று மட்டும் பதிவானால் இழப்பீட்டுக் கோரிக்கை பலவீனமடையும்.

2. இறந்தவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினத்தைச் சேர்ந்தவராயின், சாதிச் சான்றிதழை அளித்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளையும் சேர்க்கக் கோருதல்.

3. உடற்கூறாய்வு அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத் திரட்டுதல். நச்சுவாயுவால் மரணம் நிகழ்ந்தது என்பதை உடற்கூறாய்வு அறிக்கை குறிப்பிடுவது அவசியம்.

4. மாவட்ட நிர்வாகத் தலைவரிடம் இழப்பீடு கோரி எழுத்துப்பூர்வமாக மனு அளித்து, ஒப்புகைச் சீட்டு பெறுதல். தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியரும், கர்நாடகத்தில் துணை ஆணையரும் இப்பொறுப்பை வகிக்கின்றனர். சட்டத்தின் 24-ஆவது பிரிவின்கீழ் அமைக்கப்பட்ட மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கும் மனுவின் நகலை அனுப்பலாம்.

5. பணியாளர் இழப்பீட்டுக்குத் தொழிலாளர் துறையிலும், இ.எஸ்.ஐ. பதிவு இருந்தால் அதன் கிளை அலுவலகத்திலும் விண்ணப்பித்தல். ஒரே விபத்துக்கு இவ்விரண்டில் ஒன்றை மட்டுமே பெற முடியும்.

6. தாமதமோ மறுப்போ ஏற்பட்டால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் இலவச வழக்கறிஞர் உதவி பெறுதல். தேசிய துப்புரவுப் பணியாளர் ஆணையத்திலும், கர்நாடகத்தில் மாநிலத் துப்புரவுப் பணியாளர் ஆணையத்திலும் முறையிடலாம்.

உயிர் பிழைத்தவர்கள், மருத்துவமனைச் சேர்க்கைக் குறிப்பு, சிகிச்சை முடிவுக் குறிப்பு, ஊனச் சான்றிதழ் ஆகியவற்றைப் பாதுகாப்பது அவசியம். நச்சுவாயு மூளையையும் நுரையீரலையும் பாதிக்கக்கூடியது என்பதால், சில மாதங்களுக்குப் பின் வெளிப்படும் பாதிப்பையும் முதல் நாள் சிகிச்சையோடு தொடர்புபடுத்த இந்த ஆவணங்களே உதவும்.

உதவி எண்கள்

சாக்கடை மற்றும் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவது குறித்த புகார்: 14420
இலவசச் சட்ட உதவி: 15100
வன்கொடுமைத் தடுப்பு தேசிய உதவி மையம்: 14566
அவசர மீட்பு: 112